முதுகில் மூடி உள்ள சாமி

நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. எல்.எம்.எஸ். பள்ளிக்கூடம், எல்.எம்.எஸ். ஆஸ்பத்திரி, எல்.எம்.எஸ். காம்பவுண்டு. சபைகளெல்லாம் 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் பாட்டி சாகும்வரை "நாங்க எல்லெமெஸ்காரங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். லண்டன் மிஷனரி சொசைட்டி என்ற முழுப்பெயர் அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

2016 ஏப்ரலில் ஒரு வேலையாக லண்டன் போயிருந்தேன். ஒரு மத்தியானம் ஓய்வு கிடைத்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் முன்வாசலைத் தாண்டியதும் மூன்றாம் எண் அறை என்று ஒரு சின்ன அறை. பெரிய கூடத்துக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அதற்குள் ஒதுங்கினேன். ஒரே ஒரு சிலைக்காக வைத்த கண்காட்சி. மரச்சிலை, 117 சென்டிமீட்டர் உயரம். என் நெஞ்சுக்கும் கீழேதான் வரும். விளக்க அட்டையின் கடைசியில் பொடி எழுத்தில் பதிவு எண். அது எல்.எம்.எஸ். 19 என்று முடிந்தது.

அட, இது நம்ம ஆட்கள் கொண்டுவந்ததா என்று ஒரு அசட்டுப் பெருமை வந்தது. அடுத்த நிமிடமே அது கொஞ்சம் கசந்தது. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இந்தக் கட்டுரை.

சாமியின் பெயர் அ’அ. இரண்டு அகரம், நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். ஊர் ருருத்து. பசிபிக் கடலில், தாஹித்தித் தீவுக்குத் தெற்கே, ஆஸ்திரல் தீவுகள் என்ற கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவில் முதலில் குடியேறி, பிறகு தெய்வமாகிவிட்ட மூதாதை என்று சொல்கிறார்கள். குலசாமி என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் உடம்பெல்லாம் பல்லிக்குஞ்சுகள் ஏறிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. கிட்டப்போனால் அத்தனையும் மனித உருவங்கள். மொத்தம் முப்பது. சில நிமிர்ந்து, சில தலைகீழாக, சில குறுக்காக. முகத்துக்கு வந்தால் இன்னும் விசேஷம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை, இரண்டு குட்டி ஆட்கள் இருக்கிறார்கள். மூக்கும் ஒரு ஆள்தான். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவன் குறுக்கே படுத்திருக்கிறான். சந்ததிகளை எல்லாம் கழித்துவிட்டால் இந்தச் சாமிக்கு முகமே கிடையாது. பரம்பரை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இவற்றில் ஒன்றுகூடத் தனியாகச் செய்து ஒட்டியதல்ல. சுற்றியிருந்த மரத்தையெல்லாம் குறைத்துக் குறைத்து, முப்பது பேரையும் மேடாக விட்டிருக்கிறான் தச்சன். ஒரு செதுக்கல் தவறினால் ஒரு ஆளின் தலை போயிருக்கும். அதுவும் எந்தக் கருவியால்? இரும்பே கிடையாது. நம் ஆசாரிகள் வைத்திருக்கும் வாய்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரும்பு இருக்கும் இடத்தில் தீட்டிய கருங்கல்லை வைத்து, தென்னந்தும்புக் கயிற்றால் பிடியோடு இறுக்கிக் கட்டியது. தோ’ஈ என்பார்கள். நுணுக்க வேலைக்குச் சுறாப்பல். மெருகேற்றப் பவளக்கல், மணல், திருக்கைத்தோல். தாஹித்திப் பக்கத்தில் தோணி கட்டுகிறவர்கள் வேலை தொடங்குவதற்கு முந்தின இரவு வாய்ச்சிகளைக் கோயில் திடலில் தூங்கவைப்பார்களாம். காலையில் கடல்நீரில் நனைத்து எழுப்புவார்களாம். தூங்கி எழுந்த கருவிதான் வேலைக்கு ஆகும்.

நீண்ட காலம் இதை 18ஆம் நூற்றாண்டுச் சிலை என்றும், பூவா என்ற உள்ளூர் மரத்தில் செய்தது என்றும்தான் நினைத்திருந்தார்கள். கண்காட்சிக்கு முன் மரத்தைச் சோதித்ததில் இரண்டும் தவறு என்று தெரிந்தது. மரம் சந்தனம். கார்பன் கணக்கு அதை 1591க்கும் 1647க்கும் இடையில் கொண்டுபோய் நிறுத்தியது. கேப்டன் குக்கின் கப்பல் ருருத்துவை எட்டிப் பார்த்ததே 1769இல்தான். அதாவது வெள்ளைப் பாயைக் கடலில் யாரும் பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் செய்த சாமி. சந்தனம் என்று படித்ததும் மூக்கைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். காவலர் ஒருவர் இருமினார்.

அப்புறம் அந்த மூடி. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்: முதுகு தனிப்பலகை. கழற்றி மாட்டலாம். உள்ளே கூடு.

சரி, இது ருருத்துவிலிருந்து லண்டனுக்கு எப்படி வந்தது?

1820 வாக்கில் ருருத்துவில் கொள்ளைநோய். ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வம் கோபத்தில் நம்மைத் தின்கிறது என்று நம்பிய அவூரா என்ற தலைவர் மனைவியையும் சில ஆட்களையும் கூட்டிக்கொண்டு தோணியில் பக்கத்துத் தீவான தூபுவாய்க்குத் தப்பினார். அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பும்போது புயல் அடித்தது. மூன்று வாரம்போலக் கடலில் அலைக்கழிந்து, கடல்நீரைக் குடித்துப் பிழைத்து, வடக்கே மௌபித்தியின் பவளப்பாறையில் போய் ஒதுங்கினார்கள். அங்கிருந்த ஜனங்களும் இவர்கள் கும்பிட்ட தெய்வங்களைத்தான் கும்பிட்டிருந்தார்கள். ஆனால் விட்டுவிட்டோம் என்றார்கள். விட்டவர்கள் யாரும் சாகவும் இல்லை. அவூராவுக்கு இது பெரிய செய்தி.

அங்கிருந்து 1821 மார்ச்சில் ராயாத்தேயா தீவுக்குப் போனார்கள். எல்.எம்.எஸ். மிஷனரிகள் ஜான் வில்லியம்ஸும் லான்ஸலட் த்ரெல்கெல்டும் இருந்த தீவு. மூன்று நான்கு மாதத்தில் அவூரா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார், மதம் மாறினார். ஜூலையில் ஒரு ஆங்கிலக் கப்பல் அந்த வழியாக வந்தது. ஊருக்குப் போகிறேன், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போகமாட்டேன் என்றார். மஹாமெனே, பூனா என்று ராயாத்தேயாக்காரர்கள் இருவர் கூடப்போனார்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் சொன்னால் உபதேசியார்கள்.

ருருத்துவில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வாதம் எதுவும் பெரிதாக நடக்கவில்லை. ஒரு விருந்து வைத்தார்கள். பன்றிக்கறியும் ஆமைக்கறியும் தெய்வத்துக்கும் ஆண்களுக்கும் உரியவை. பெண்கள் தொட்டால் ஆவி தின்றுவிடும். அந்தக் கறியை ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்து தின்பது, யாராவது செத்தால் பழைய சாமி உண்மை, இல்லையென்றால் இல்லை என்று முடிவு. தின்றார்கள். யாரும் சாகவில்லை. மிஷனரி ஒருவர்கூட இல்லாத விருந்து அது. ஆகஸ்ட் மாதம் ராயாத்தேயாவுக்குத் திரும்பிய படகில் ருருத்துவின் தெய்வங்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்று அ’அ.

இங்கே ஒரு நிமிடம் எங்கள் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன். மயிலாடியில் வேதமாணிக்கம் கதையைச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். போன பயணத்தில் தஞ்சாவூரில் மதம் மாறி, புதிய தெய்வத்தோடு ஊர் திரும்பினார். அவர் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார், எல்.எம்.எஸ். வந்தது. அவருக்குப் பின் வந்த மீட் ஐயரும் தெற்குக்கடலுக்குப் போன ஜான் வில்லியம்ஸும் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறியது ஒரே வருடம், 1816. ஒரே சங்கம், ஒரே கல்லாப்பெட்டி. அவூராவைப் புயல் கொண்டுபோனது, வேதமாணிக்கத்தைப் பக்தி கொண்டுபோனது. இரண்டு ஊரிலும் சாமி மாறியது ஒரு பயணத்தில்தான்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு கதை உண்டு. தாத்தாவுக்குத் தாத்தா, வேதத்தில் சேர்ந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் நின்ற மாடன் பீடத்தைத் தன் கையாலேயே இடித்தார். செங்கல்லெல்லாம் வேதக்கோயில் அஸ்திவாரத்துக்குப் போயிற்று. பீடத்தின்மேல் கிடந்த பலகைக்கல்லை மட்டும் கிணற்றடியில் துவைகல்லாகப் போட்டார்கள். சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ராயாத்தேயாவில் நடந்ததும் ஒரு சாட்சிக் கூட்டம்தான். ஆலயத்தில் கூட்டம் கூட்டி, பிரசங்க மேடையிலிருந்து ருருத்துச் சாமிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். அ’அ வந்ததும் முதுகு மூடியைத் திறந்தார்கள். உள்ளே குட்டிச் சாமிகள். ஒன்றன்பின் ஒன்றாக வெளியே எடுத்தால் இருபத்து நான்கு. கூட்டம் சிரித்திருக்கும். சாமிக்குள் சாமி என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, இந்தத் தீவுகளின் ஜனங்களான பொலினீசியர்கள் மரத்தில் செய்த தெய்வங்களைப் பற்றிக் கொஞ்சம் தேடித்தேடிப் படித்தேன். அந்தச் சிரிப்பு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. நாம் சிலை என்று எதைச் சொல்கிறோமோ அது அவர்களிடம் சிலையே இல்லை.

தாஹித்தியிலேயே தொடங்கலாம். அங்கே பெரிய தெய்வம் ஓரோ, போர்த்தெய்வம். ஓரோவின் உருவத்துக்குத் தோ’ஓ என்று பெயர். அதைப் படத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கண், காது, கை, கால் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கட்டை, கட்டையைச் சுற்றித் தென்னந்தும்புக் கயிற்றை நெருக்கமாகப் பின்னிய உறை. அவ்வளவுதான். எங்கள் ஊரில் கதம்பையை ஊறப்போட்டு அடித்துத் தும்பு எடுத்துத் திரிப்பார்களே, அதே சரக்கு. இப்படி முகமில்லாத கட்டைதான் உச்சத் தெய்வம். கண்மூக்கோடு செதுக்கிய உருவங்களுக்குத் தீ’ஈ என்று பெயர்; அவை அந்தஸ்தில் கீழே. எவ்வளவு உயரத் தெய்வமோ அவ்வளவு குறைவாக உருவம். அருங்காட்சியகங்களில் கண்மூக்கு உள்ளவற்றைத்தான் விளக்குப் போட்டு நடுவில் வைப்பார்கள்.

தோ’ஓவில் உயிர் எங்கே இருந்தது என்றால், கயிற்றுக்கும் கட்டைக்கும் இடையில் செருகியிருந்த சிவப்பு இறகுகளில். சிவப்பு தெய்வத்தின் நிறம். பாயிஆதுவா என்ற சடங்கில் பூசாரிகள் தெய்வத்தை அதன் பெட்டியிலிருந்து எடுத்து, சுற்றிய துணியைப் பிரித்து, வெயிலில் வைத்து எண்ணெய் பூசுவார்கள். பழைய இறகை எடுத்துவிட்டுப் புதிய இறகைச் செருகுவார்கள். தெய்வத்தோடு கிடந்த பழைய இறகில் சக்தி ஏறியிருக்கும். அது கீழ்நிலைத் தெய்வங்களுக்குப் பிரசாதம்போலப் போகும். பிறகு மறுபடி சுற்றிக் கட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஊர் ஜனம் பார்க்கக் கூடாது. நமக்குச் சாமி என்றால் தரிசனம். திரை விலகி, தீபாராதனை காட்டி, கண்ணோடு கண் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சாமி என்றால் பொதிவு. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. (கடவுளுக்கு அவர்கள் சொல் அதுவா. நாம் "அதுவா?" என்று கேட்பது மாதிரியே இருப்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்குச் சிரிப்பு.)

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பெரிய ஆச்சரியம் அதில்தான். கோயில் திடலை மராயே என்பார்கள். அங்கே நிற்கும் புனித மரங்களின் தாவரப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனால், மிரோ என்பது நம் பூவரசு. தமானு என்பது புன்னை. ஐதோ அல்லது தோவா என்று சொல்லும் இரும்புபோல் கனத்த மரம் நம் சவுக்கு. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. சவுக்கைக் கான்கிரீட் தளத்துக்கு முட்டுக்கொடுக்கவும் பந்தல்காலுக்கும்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அதே சவுக்கில் ஈட்டியும் கதாயுதமும் செய்தார்கள். தோ’ஓவின் உள்கட்டையும் பல நேரம் அதுதான். ஹவாயில் போர்த்தெய்வம் கூவை ஆளுயரத்துக்கு மேல் செதுக்கியது சீமைப்பலாவில். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஈரப்பலா என்று கறிவைக்கும் அதே பலா. மரத்தில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அதற்கு என்ன நேர்கிறது என்பதில்தான் எல்லாம்.

இதை நன்றாகக் காட்டுவது ராரோதொங்காவின் தெய்வக்கோல். இன்றைய குக் தீவுகளில் உள்ளது அந்த ஊர். சவுக்கு மரத்தில் ஒரு நீண்ட கோல். ஒரு முனையில் பெரிய தலை, அதன் கீழே வரிசையாகக் குட்டி உருவங்கள். மறுமுனையில் ஆண்குறி. நடுவில்? நடுவில் மரத்தையே பார்க்க முடியாது. மரப்பட்டையை ஊறவைத்து அடித்து அடித்துச் செய்யும் தாப்பாத் துணியைப் பாய் சுருட்டியதுபோல் பெரிய உருளையாகச் சுற்றியிருப்பார்கள். உருளைக்குள்ளே சிவப்பு இறகுகளும் மெருகிட்ட சிப்பித் துண்டுகளும். அவைதான் தெய்வத்தின் ஆவி என்று ஜனங்கள் சொன்னதாக ஜான் வில்லியம்ஸே எழுதிவைத்திருக்கிறார். கோலைச் செதுக்கியது ஆண்கள், துணியை அடித்தது பெண்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சாமி.

1827இல் இப்படிப்பட்ட தெய்வங்கள் பதினான்கை ஊர்வலமாகக் கொண்டுவந்து வில்லியம்ஸின் காலடியில் போட்டார்கள். துணியைப் பிரித்தார்கள். ஆண்குறியை வெட்டினார்கள். கொண்டுபோக வசதியாகப் பலவற்றில் தலையை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டார்கள். இன்று உலக அருங்காட்சியகங்களில் பார்க்கக் கிடைக்கும் ராரோதொங்காத் தெய்வங்கள் பெரும்பாலும் அந்த அறுத்த தலைகள்தான். துணி பிரிக்காமல் தப்பிய பெரிய கோல் ஒன்றே ஒன்று. ஏறத்தாழ 4 மீட்டர் நீளம், அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில். அறுத்த தலைகளைப் பார்த்து, என்ன எளிமை, என்ன நவீனம் என்று ஓவியர்கள் வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அது ஆடையை உருவிவிட்டு உடம்பைப் புகழ்வது மாதிரி.

அ’அவுக்கும் ஆண்குறி இல்லை. நேர்த்தியாகச் செதுக்கிய உடம்பில் அந்த ஒரு இடம் மட்டும் மொட்டையாக இருக்கிறது.

மிஷனரிகள்தான் எல்லாவற்றையும் அழித்தார்கள் என்று முடித்துவிட்டால் எழுதுகிற எனக்கு வசதி. அப்படி முடிக்க முடியவில்லை. மங்காரேவாத் தீவில் 1830களில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் லவாலும் காரேவும் இருந்தபோது தெய்வங்கள் நெருப்பில் போயின. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிச்சம். அவற்றில் நான்கு கால் உள்ள தூ தெய்வம் ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. ஆனால் ஹவாயைப் பாருங்கள். 1819 மே மாதம் அரசர் முதலாம் கமேஹமேஹா இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மகன் லிஹோலிஹோ, அரச விருந்தில் பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பவும் சாப்பாடுதான்! கோயில்களை இடிக்கவும் உருவங்களை எரிக்கவும் உத்தரவு போனது. எதிர்த்து நின்ற உறவினர் கேகுவாவோகலானி டிசம்பரில் குவாமோ’ஓ போரில் செத்தார். முதல் மிஷனரிக் கப்பல் வந்தது 1820இல். யாழ்ப்பாணத்தில் 1816இல் ஊழியம் தொடங்கிய அதே பாஸ்டன் சங்கம் அனுப்பிய கப்பல். வந்திறங்கியவர்களுக்கு உடைக்கப் பெரிதாக வேலை மிச்சமில்லை. பெரிய கூ உருவங்களில் தப்பியவை மூன்றே மூன்று. ஒன்று லண்டனில், ஒன்று அமெரிக்காவின் சேலத்தில், ஒன்று ஹொனலுலுவில். 2010இல் மூன்றையும் ஹொனலுலு பிஷப் மியூசியத்தில் ஒன்றாக நிறுத்தினார்கள்.

தாஹித்தியின் அரசர் இரண்டாம் பொமாரே 1816இல் தன் குடும்பத் தெய்வங்களை மிஷனரிகளிடம் கொடுத்து, வேண்டுமானால் எரியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஊருக்கு அனுப்புங்கள், தாஹித்தியின் முட்டாள் சாமிகளை அந்த ஜனங்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதினார். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எங்கள் தாத்தாவின் தாத்தா கடப்பாரையோடு நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. இவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயில் பாதி ஊர் போனபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள். அங்கே பெண்ணுக்கு ஆமைக்கறி கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தோளில் சீலை போட உரிமைச் சண்டை நடந்தது. பழைய சாமி இதற்கெல்லாம் என்ன செய்தது என்று அவர்கள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அப்படியானால் ருருத்துக்காரர்கள் படகில் ஏற்றி அனுப்பியது எது? ஸ்டீவன் ஹூப்பர் என்ற ஆய்வாளர் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. அ’அவின் உட்கூட்டின் அளவும் வடிவும் ஒரு மனிதனின் மண்டையோட்டையும் நீண்ட எலும்புகளையும் வைப்பதற்குப் பொருத்தமாக இருக்கின்றன. அதாவது இது மூதாதையின் எலும்புகளைக் காத்துவைத்த பேழை. வெளியே சந்ததி, உள்ளே மூதாதை. கண்காட்சிக்கான ஆய்வின்போது சிலையில் ஒரு சிவப்பு இறகின் துணுக்கும் கிடைத்தது. நானூறு வருடத்தில் எத்தனையோ கை பட்டும் அது மட்டும் ஒட்டிக்கொண்டு தங்கியிருக்கிறது.

ராயாத்தேயாவில் மூடியைத் திறந்தபோது எலும்பு இல்லை, குட்டிச் சாமிகள்தான் இருந்தன. என் ஊகம் இது: எலும்பை எடுக்க வேண்டியவர்கள் முன்பே எடுத்துவிட்டார்கள். சாமியைக் கொடு என்றதும் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தது பெட்டியை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் இப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

பெட்டி லண்டன் வந்தது. எல்.எம்.எஸ். அங்கே ஒரு மியூசியமே நடத்தியது. தெற்குக்கடல் சாமிகளும் இந்தியச் சாமிகளும் ஒரே கூரையின் கீழ், பணம் கொடுக்கிற பக்தர்களுக்கு வெற்றிச் சின்னங்களாக. 1890இல் அ’அ பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இரவலாகப் போனது, 1911இல் விலைக்கு. அப்புறம் புகழ்தான். சிற்பி ஹென்றி மூர் வெண்கல வார்ப்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டார். பிக்காசோவும் ஒன்று வைத்திருந்தார். வார்ப்பில் மூடி திறக்குமா என்று இருவரில் ஒருவராவது கேட்டிருப்பார்களா தெரியாது.

அந்த இருபத்து நான்கு குட்டிச் சாமிகள்? அவற்றை 1882இல் அழித்துவிட்டதாக மியூசியத்தின் குறிப்பு சொல்கிறது. அட்டையில் ஒரே வரி. நான் அதை மூன்று தடவை படித்தேன். 1821இல் அல்ல, 1882இல். கொள்ளைநோய் கண்ட ஜனங்கள் எரிக்கவில்லை. அவூரா எரிக்கவில்லை. மஹாமெனேயும் பூனாவும் எரிக்கவில்லை, பத்திரமாகப் படகில் ஏற்றினார்கள். ஜான் வில்லியம்ஸ் எரிக்கவில்லை. அவர் 1839இலேயே எரோமாங்கோ கடற்கரையில் அடிபட்டுச் செத்துப்போனார். எல்லா ஆவேசமும் அடங்கி, அறுபது வருடம் ஆகி, சாமி கும்பிடுவார் யாருமில்லாத ஒரு அலமாரியில் இருந்தபோது அவை போயின. வெறியில் செய்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அன்று ராத்திரி அறைக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"அத்தே, அந்த மாடன் பீடத்த இடிச்சாங்கல்லா, அதுக்குள்ள ஏதாவது இருந்துதா?"

"எதுக்குள்ள?"

"பீடத்துக்குள்ள. இடிக்கும்போது ஏதும் எடுத்து வச்சதா பாட்டி சொல்லியிருக்காளா?"

"உள்ள என்னத்த இருக்கும், மண்ணும் செங்கலுந்தான். லண்டன்ல போயி கேக்கப்பட்ட கேள்வியாடே இது?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "பாட்டி அந்தத் துவைகல்லு மேல காலு வைக்கவிட மாட்டா. சோப்புக் காலோட ஏறுனான்னு ஒனக்க அப்பனத் தொடையில திருகினா, தடம் ஒரு வாரம் கெடந்துது. வழுக்கும்னு சொல்லுவா. அது வழுக்காது, நல்ல சொரசொரப்பான கல்லு."